ஹாலோவீன் விழாவும் வீட்டில் தைத்த வேடங்களும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மாதர் பகுதியில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

   

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூ ஜெர்ஸி மாகாணத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருந்து வருபவள் நான். விடுமுறையில் தாயகம் வந்திருக்கும் என்னை இக்கூட்டத்தில் நாலு வார்த்தை பேசுமாறு பணித்த காரியதரிசி அவர்கட்கு என் மனமார்ந்த வந்தனம் உரித்தாகுக. நம் சங்கத்துக் குடும்பங்களில் மகனோ மகளோ மருமகனோ கடல் கடந்து வாழாத வீடு அரிதாகி வருகின்றது. அப்பிள்ளைகள் அனுப்பும் புகைப்படங்களைக் கண்டு, "ஐப்பசி மாதத்தில் நம் பேரப் பிள்ளைகள் பேய் வேடம் பூண்டு வீடு வீடாய்ச் சென்று மிட்டாய் இரக்கின்றார்களே, இஃது என்ன கோலம்? நமக்கு அடுக்குமா?" என்று இங்குள்ள பெரியோர் பலர் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு என்னால் இயன்ற விடை கூறுவதும், அவ்விழாவைக் கொண்டாடுமிடத்து நம்மவர் கைவிடலாகாத ஒன்றை எடுத்துரைப்பதுமே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

ஹாலோவீன் என்பது அக்டோபர் மாதம் 31-ஆம் தேதி இரவு. அதற்கு மறுநாளாகிய நவம்பர் 1-ஆம் தேதி, கிறிஸ்தவர்கள் தங்கள் புனிதர் அனைவரையும் நினைந்து வழிபடும் திருநாள். அதற்கடுத்த 2-ஆம் தேதி, இறந்தோர் ஆன்மாக்களுக்காக மன்றாடும் நாள். புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்னும் பொருள்பட்ட ஆங்கிலத் தொடரே நாளடைவில் குறுகி ஹாலோவீன் என்றாயிற்று. கிறிஸ்தவ மதம் பரவுமுன்னரே அயர்லாந்து, ஸ்காட்லாந்து முதலிய தேசத்துப் பழங்குடிகள், அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் இக்காலத்தைச் சாவின் என்னும் பெயரால் விழாவாகக் கொண்டாடி வந்தனர். அவ்விரவில் இறந்தோர் உலகுக்கும் இருப்போர் உலகுக்கும் இடையேயுள்ள கதவு திறந்திருக்கும் என்பது அவர் நம்பிக்கை. மகாளய அமாவாசையில் முன்னோரை நினைந்து எள்ளும் நீரும் இறைக்கும் நமக்கு இவ்வெண்ணம் முற்றிலும் அந்நியமானது அன்று.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சிறுவர்கள் பழந்துணி உடுத்து, முகத்திற் கரி பூசி, அண்டை வீடுகளுக்குச் செல்வர். அங்கே வெறுங்கையேந்தி நின்றால் ஒன்றும் கிடையாது. ஒரு பாட்டையேனும் கதையையேனும் சொல்லிக் காட்டிய பின்னரே ஆப்பிளோ கொட்டையோ காசோ பெறுவர். கையில் விளக்காகக் கொள்வது, குடைந்தெடுத்துக் கண்ணும் வாயும் வெட்டிய டர்னிப் கிழங்கு. 1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதனால் அயர்லாந்தில் பெரும் பஞ்சம் விளைந்தது. அதிற் சற்றேறக்குறையப் பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் தேசத்தை விட்டு வெளியேறினர். அவருட் பலர் அமெரிக்கா புகுந்தபோது தம் விழாவையும் உடன் கொண்டு சென்றனர். டர்னிப்பினும் பெரிதாய்க் குடைவதற்கு எளிதாய் அங்கே விளைந்த பறங்கிக்காய் விளக்காயிற்று. ஆகவே, இது வறுமையால் ஊர்விட்டு ஊர் சென்றோர் கட்டிச் சுமந்த விழா என்பதை நாம் மறத்தலாகாது.

அமெரிக்காவில் இவ்விழா முதலில் வாலிபர்களின் குறும்புக்கு இடமாய் இருந்தது. வேலிக் கதவைக் கழற்றி மறைப்பதும், கட்டிய மாட்டை அவிழ்த்து விடுவதுமாக அவர்கள் தொல்லை கொடுத்தனர். மின்னசோட்டா மாகாணத்து அனோகா என்னும் ஊரார் 1920-ஆம் ஆண்டில் அக்குறும்பை அடக்கும் பொருட்டு வேட ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தனர். மாசசூசெட்ஸ் மாகாணத்து டென்னிசன் கம்பெனியார், சுருக்கக் காகிதம் விற்பவர்கள், 1909-ஆம் ஆண்டில் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டு, அக்காகிதத்தைக் கொண்டே வீட்டில் வேடமும் தோரணமும் செய்யும் வகையைத் தாய்மார்களுக்குக் கற்பித்தனர். காகிதமும் பசையும் கத்தரிக்கோலும் இருந்தாற் போதும். ஓர் இரவுக்கு உடுப்பு ஆயிற்று.

என் அண்டை வீட்டில் எண்பது வயது கடந்த மூதாட்டியார் ஒருவர் வாழ்கின்றார். பென்சில்வேனியா மாகாணத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். அவர் சிறுமியாய் இருந்த காலம் இரண்டாம் உலக யுத்த காலம். 1942 முதல் 1947 வரை அங்கே சர்க்கரைக்குப் பங்கீடு இருந்தமையால், மிட்டாய் என்பது பெயரளவில் தான். ஆயினும் வேடத்துக்குக் குறைவில்லை. மாவு மூட்டையின் துணியை வெந்நீரிற் போட்டு அச்செழுத்துப் போக வெளுத்து, அவர் தாயார் சட்டை தைப்பாராம். தக்கையைச் சுட்டு அக்கரியால் மீசை வரைவாராம். ஓராண்டு தந்தையாரின் கிழிந்த கோட்டில் வைக்கோல் திணித்துச் சோளக்கொல்லைப் பொம்மை ஆக்கினாராம். "எந்த வீட்டில் என்ன தின்பண்டம் கொடுத்தார்கள் என்பது ஒன்றும் எனக்கு நினைவில்லை. கழுத்தில் வைக்கோல் குத்தியதும், என்னைப் பார்த்து என் தாய் வயிறு குலுங்கச் சிரித்ததும் இன்றும் நினைவிருக்கின்றன" என்று அவர் என்னிடம் கூறினார்.

அவர் கூறக் கேட்டபொழுது என் இளமை என் கண்முன் வந்தது. தூத்துக்குடி ஜில்லாவைச் சேர்ந்த எங்கள் ஊர்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் நான் ஔவையார் வேடம் பூண்டேன். என் அன்னையார் தமது வெள்ளைச் சேலையை நான்காய் மடித்துக் கட்டி, தலையணையிலிருந்து எடுத்த இலவம்பஞ்சை அரிசிக் கஞ்சியால் என் தலையில் ஒட்டி, நெற்றி நிறைய நீறு பூசி, கையிற் கம்பைக் கொடுத்தனுப்பினார்கள். என் தம்பிக்குக் கடுங்காய்ச்சல் கண்டு நீங்கியபின், குலசேகரப்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தசராவில் குரங்கு வேடம் போட்டார்கள். சணலைத் திரித்து வாலும், அட்டையை வெட்டிக் காதும் செய்தவர்கள் எங்கள் அன்னையாரே. அத்தசரா விழாவில் காளியாகவும் அரசனாகவும் பிச்சைக்காரனாகவும் வேடம் பூண்டு, விரதம் காத்து, கடை கடையாய்க் காணிக்கை பெற்று, அதனை அம்மன் உண்டியலிற் சேர்ப்பது வழக்கமன்றோ! வேடம் பூணுவதும் வீடு தோறும் சென்று கையேந்துவதும் இழிவென்று கருதும் பெரியோர், இதனையும் ஒரு கணம் சிந்திப்பார்களாக.

இனி இக்கால நிலையைக் கூறுவேன். 1937-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் தோன்றிய பென் கூப்பர் கம்பெனியார், மெல்லிய பிளாஸ்டிக் முகமூடியும் மேலங்கியுமாய் வேடங்களை அட்டைப் பெட்டியில் அடைத்து மலிவாய் விற்றுப் பெரும் பொருள் ஈட்டினர். அதன் பின்னர்க் கடை வேடம் வீட்டு வேடத்தை மெல்ல மெல்ல ஒதுக்கலாயிற்று. அமெரிக்கச் சில்லறை வியாபாரிகளின் தேசிய சம்மேளனத்தார், 2023-ஆம் ஆண்டில் இவ்விழாவின் மொத்தச் செலவு 1,220 கோடி டாலர் என்று மதிப்பிட்டனர். அதில் வேடங்களுக்கு மட்டும் 410 கோடி. வளர்ப்பு நாய் பூனைகளின் வேடங்களுக்கு 70 கோடி! ஓர் இரவு உடுத்துக் குப்பையில் எறியும் பிளாஸ்டிக்குக்கு இத்துணைப் பொருள் செலவாகின்றது. நம்மவர் குடும்பங்களும், அயலார் குறைவாய் எண்ணுவரோ என்னும் கூச்சத்தாலும், நேரம் இன்மையாலும், இக்கடைச் சரக்கையே நாடுகின்றன.

2024-ஆம் ஆண்டில் தீபாவளித் திருநாளும் ஹாலோவீனும் அக்டோபர் 31-ஆம் தேதியாகிய ஒரே வியாழக்கிழமையில் வந்தன. ஒன்பது வயதான என் மகள் தான் ஆந்தை வேடம் பூண வேண்டும் என்றாள். கடையில் அதற்கு நாற்பது டாலர் கேட்டார்கள். என்னிடம் என் அன்னையாரின் பழைய பழுப்புநிறச் சுங்குடிச் சேலை ஒன்று இருந்தது. நான் விமானம் ஏறிய அன்று அவர்கள் என் பெட்டியில் வைத்தது. அதை வெட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. தொலைபேசியில் உத்தரவு கேட்டேன். "நல்ல நாளும் பொழுதுமாய் ஆந்தையா?" என்று முதலில் அவர்கள் வெகுண்டார்கள். வடநாட்டில் ஆந்தை இலட்சுமியின் வாகனம் என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்து, "கிழிந்த சேலையைப் பெட்டியில் வைத்துப் பூசையா செய்யப் போகின்றாய்? வெட்டு. கீழ் வரிசையை முதலில் தை; மேல் வரிசை அதன்மேல் அரை விரற்கடை ஏறி விழட்டும்; அப்பொழுதுதான் இறகு போல் இருக்கும்" என்றார்கள். பாட்டியும் பேத்தியும் நான்கு இரவுகள் தொலைபேசியின் படத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இறகு வெட்டினார்கள். அதுவரை, "சௌக்கியமா ஆச்சி?" என்பதற்கு மேல் தமிழ் பேசாத குழந்தை, "ஆச்சி, இன்னும் எத்தனை வரிசை? ஊசி எந்தப் பக்கம் குத்த?" என்று கேட்கக் கற்றாள்.

அன்று காலை எண்ணெய் முழுக்கும் புத்தாடையும் ஆயின. மாலையில் வாசலிற் கோலமிட்டு அகல் ஏற்றி, அருகே பறங்கிக்காய் விளக்கையும் வைத்தோம். என் மகள் ஆந்தையாய்ப் புறப்பட்டாள். மேற்கூறிய மூதாட்டியார் கதவைத் திறந்து, அச்சேலைத் துணியைக் கையால் தடவிப் பார்த்து, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். "இது என் ஆச்சியின் சேலை" என்று அவள் விடை கூறினாள். அந்த அம்மையார் எங்களை உள்ளே அழைத்து அமர்த்தித் தம் மாவு மூட்டைச் சட்டையின் கதையைச் சொன்னது அன்றுதான். பன்னிரண்டு ஆண்டுகள் அண்டை வீட்டில் வாழ்ந்தும் அவர் இல்லத்தினுள் நாங்கள் அடியெடுத்து வைத்தது அதுவே முதல் முறை. அடுத்த தை மாதம் என் அன்னையார் காலஞ்சென்றார்கள். அவ்வேடம் இப்பொழுது என் மகளுக்குச் சிறிதாகிவிட்டது. எனினும் அதை யாருக்கும் கொடுக்க அவள் இசைவதில்லை.

சகோதரிகளே! இதனின்றும் நான் வேண்டுவது யாதெனின், அயல்நாட்டில் வாழும் நம் குடும்பத்தார் இவ்விழாவிற் கலந்துகொள்ளட்டும்; ஆனால் வேடத்தை வீட்டிலே செய்யட்டும் என்பதே. இதனாற் பொருள் மிஞ்சும் என்பது சிறிய லாபம். தாயும் தந்தையும் பாட்டியும் பாட்டனும் ஒரு குழந்தைக்காக நான்கு மாலைகள் கூடி உட்கார்வதே பெரிய லாபம். மிட்டாய் வாங்குவது மனத்துக்கு ஒவ்வாதவர்களுக்கும் வழியுண்டு. 1950-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவைச் சார்ந்த ஆலிசன் தம்பதிகள், சிறுவர்களைக் கொண்டு பால் டப்பிகளில் 17 டாலர் திரட்டி, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்கு அனுப்பினர். அதனின்றும் வளர்ந்ததே, ஹாலோவீன் இரவில் குழந்தைகள் உண்டிப் பெட்டி ஏந்தி அந்நிதிக்குப் பொருள் சேர்க்கும் வழக்கம். குலசையில் நாம் செய்வதும் இதன் இனமேயாம்.

சில எச்சரிக்கைகளையும் கூற வேண்டும். பறங்கிக்காயின் உள்ளே மெழுகுவர்த்தி எரியும். நீண்டு தொங்கும் துணியும் சுருக்கக் காகிதமும் பஞ்சும் எளிதிற் பற்றும். ஆதலால் வேடம் உடலோடு ஒட்டி, கணுக்காலுக்கு மேல் நிற்க வேண்டும். விளக்குக்கு மின்கலத்தில் எரியும் சிறு பல்பே உத்தமம். 1975 முதல் 2016 வரையுள்ள கணக்கை ஆராய்ந்த வைத்தியர்கள், அவ்விரவில் வாகனம் மோதி மாளும் பாதசாரிகளின் தொகை ஏனைய மாலைகளைக் காட்டிலும் 43 சதவிகிதம் மிகுதி என்று கண்டனர். எனவே முதுகிலும் கையிலும் ஒளி திருப்பும் பட்டையை ஒட்டுங்கள். கண்ணை மறைக்கும் முகமூடியைத் தவிர்த்து, முகத்தில் வண்ணம் தீட்டுங்கள். தெரியாத பிள்ளைகளுக்கு வீட்டிற் செய்த பலகாரம் கொடுப்பது அங்கே வழக்கமன்று. கடையில் முத்திரையிட்டு விற்பதையே கொடுத்தல் வேண்டும். நம் அதிரசமும் முறுக்கும் அறிந்த அண்டை வீட்டாருக்கு மட்டும் போகட்டும். அவற்றிற் கொட்டை வகை சேர்ந்திருப்பின் அதையும் சொல்லிக் கொடுங்கள்.

இங்குள்ள பாட்டிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் புரட்டாசிக்குள், உங்கள் பழஞ்சேலைகளில் ஒன்றைத் துவைத்து மடித்து, ஊருக்குத் திரும்பும் யார் கையிலேனும் பேரப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புங்கள். வெட்டலாம் என்று உங்கள் கைப்பட ஒரு வரி எழுதி அதனுள் வையுங்கள். எப்படித் தைப்பது என்று அவர்கள் கேட்கும்பொழுது பொறுமையுடன் சொல்லிக் கொடுங்கள்.