நாளைய கவலையும் நமது விசுவாசமும்
(யூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி மகிழ்ச்சியின் விழா. ஆயினும், கவலையை ஆலய வாசலிலே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மணிமுத்தாற்றில் வாழும் நமக்குக் கவலை புதிதன்று. அணையில் நீர் குறைந்தால் பிசானம் என்னாகுமோ என்கிறோம். 118 அடியும் நிரம்பினாலோ ஆற்றங்கரை என்னாகுமோ என்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையையும், தாமிரபரணி கரைபுரண்டதையும் நாம் மறக்கவில்லை. 2024-ஆம் ஆண்டில் மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டித் தோட்டங்களில் வேலை நின்றது. தலைமுறை தலைமுறையாய் அங்கே தேயிலை பறித்த குடும்பங்கள், இனி எங்கே குடியிருப்பது, பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது என்று கலங்கின. அவர்களிடம் "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது எளிது. அது விசுவாசம் ஆகாது.

பின் எது விசுவாசம்? நமது மாவட்டத்து வடக்கன்குளம் இதற்குச் சாட்சி சொல்லும்.

திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, தம் கால்நடைகளும் உடைமைகளும் அடுத்தடுத்து அழியக் கண்டு மனமுடைந்திருந்தார். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் அவ்வரசின் படைத்தலைவரான டிலனாய், அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். எல்லாம் இழந்தும் இறைவனை இழக்காத அந்த மனிதரின் கதை நீலகண்ட பிள்ளையின் உள்ளத்தைத் தொட்டது. 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் புத்தாரி அடிகளார் கையால் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார்.

அதன்பின் அவர் இழந்தவை திரும்பி வந்தனவா? இல்லை. பதவி போயிற்று, வீடு போயிற்று, விலங்கும் சித்திரவதையும் வந்தன. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். மாடு மாண்டதற்காகக் கலங்கிய அதே மனிதர், உயிரே போகும் வேளையிலும் விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆம், விசுவாசம் இழப்பே வராதென்று நமக்கு உறுதிச்சீட்டு எழுதித் தருவதில்லை. இழப்பின் நடுவிலும் நம்மைத் தாங்கும் தந்தை ஒருவர் உண்டென்று அறிவிக்கிறது.

மலைப்பொழிவில் ஆண்டவர் வானத்துப் பறவைகளை நமக்குக் காட்டினார். பறவை நாளைக்கென்று ஏங்குவதில்லை. ஆனால் கூட்டிலே சோம்பியும் இருப்பதில்லை. பொழுது விடிந்ததும் இரை தேடிப் பறக்கிறது. நாமும் அவ்வாறே செய்வோம். நம் கவலையைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்போம். கொடுக்க வேண்டிய மனுவைக் கொடுப்போம். கேட்க வேண்டிய உரிமையைக் கேட்போம். இன்றைய வேலையை இன்றே செய்வோம்.

இன்னுமொன்று. மனமுடைந்திருந்த அம்மனிதரிடம் இறைவன் வானதூதரை அனுப்பவில்லை. அருகிலிருந்து பேச ஒரு நண்பரை அனுப்பினார். மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம் நம் தெருவில் இருக்குமானால், அந்த நண்பர் நாமே ஆவோம். அவர்கள் வீட்டுப்படி ஏறுவோம், துயரத்தைக் கேட்போம், இயன்றதைப் பகிர்வோம். இதுவே இந்த யூபிலியில் நாம் ஆண்டவருக்கு அளிக்கும் காணிக்கை.

புனித தேவசகாயம் நமக்காக வேண்டுவாராக! இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!