இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை
(நம் குடியிருப்பு மூத்தோர் கூட்டத்தில் பேசியது)



1965 முதல் 1974 வரை சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையின் பிஷப்பாக இருந்தவர் லெஸ்லி நியூபிகின். பிறந்தது இங்கிலாந்தின் நியூகாஸில். 1936-ல் மனைவி ஹெலனுடன் மிஷனரியாக இங்கே வந்தார். வந்த கொஞ்ச நாளில் பஸ் விபத்து. கால் முறிந்து, சிகிச்சைக்கு ஊர் திரும்பினார். குணமாகி மறுபடியும் வந்தார்.

ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 64. விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் இருவரும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பையோடு, உள்ளூர் பஸ்களில் மாறி மாறி ஏறி, துருக்கி வழியாக ஐரோப்பாவைக் கடந்து சொந்த நாடு போய்ச் சேர்ந்தார்கள். பஸ்ஸில் கால் ஒடிந்தவர்!

என் வீட்டம்மாவுக்குக் கும்பகோணம் பக்கம். பாங்கில் இருந்தவரை லீவு இல்லை என்பேன். ரிடையர் ஆன பிறகு முட்டிவலி என்றேன். "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்த மச்சான் போன தை மாதம் காலமாகிவிட்டார். காரியத்துக்குத்தான் போனோம்.

அங்கே அவளுக்கு இன்னும் ஒரு அக்கா இருக்கிறார். அடுத்த வாரம் கிளம்புகிறோம். திருவொற்றியூரிலிருந்து கிளாம்பாக்கம் போவதே பாதிப் பயணம்; பரவாயில்லை. பால்காரரிடம் சொல்லியாயிற்று.