புரொஃபசர் யாரோட டீ குடிக்கிறார்?

"எங்க புரொஃபசர்கிட்ட எந்தப் புது டெக்னாலஜியைக் காட்டினாலும் வேண்டாம்னுடுவார்." இப்படி நாம எல்லாரும் ஒரு தடவையாவது புலம்பியிருப்போம். வயசு, சோம்பேறித்தனம்னு காரணத்தையும் நாமளே சொல்லிடுவோம். ஆனா காரணம் அவரைச் சுத்தி இருக்கிறவங்களா இருந்தா? ஒரு கதை சொல்றேன்.

1980கள். இயற்பியல்காரங்க ஒரு கட்டுரை எழுதினா, அது ஜர்னல்ல அச்சாக மாசக்கணக்கா ஆகும். அதனால ஜெராக்ஸ் எடுத்துத் தெரிஞ்சவங்களுக்குத் தபால்ல அனுப்பிடுவாங்க. இதுக்குப் பேரு ப்ரீப்ரின்ட். பெரிய பல்கலைக்கழகத்துல நண்பர்கள் இருந்தா உடனே கிடைக்கும். இல்லைன்னா காத்திருக்கணும்.

1978இல் டொனால்ட் குனூத் 'டெக்' மென்பொருளைக் கொண்டுவந்தார். சமன்பாடுகளைச் சாதாரண எழுத்துகளாவே டைப் பண்ணலாம்; பிற்பாடு முழுக் கட்டுரையும் ஈமெயில்ல போக ஆரம்பிச்சது. இதைக் கத்துக்கச் சொல்லி எந்த சர்க்குலரும் தேவைப்படலை. கூட எழுதுறவர் டெக்ல அனுப்பினா, நீங்களும் கத்துக்கிட்டுத்தான் ஆகணும்!

ஜோஆன் கோன் என்ற இளம் ஆய்வாளர் இழைக் கோட்பாட்டுக் கட்டுரைகளை ஒரு ஈமெயில் பட்டியலுக்கு அனுப்பிட்டிருந்தாங்க. 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸில் இருந்த பால் கின்ஸ்பார்க் அந்த வேலையைத் தானியங்கியாக்கினார். அதுதான் இன்றைய ஆர்கைவ். வருஷத்துக்கு சுமார் 100 கட்டுரை வரும்னு நினைச்சார். முதல் அரை வருஷத்துலயே 400 வந்தது.

சரி, உயிரியல்காரங்ககிட்டயும் அதே இன்டர்நெட் இருந்ததே? அவங்களுக்கு பயோஆர்கைவ் வந்தது 2013இல். 22 வருஷ இடைவெளி!

ஏன்? 1961லேயே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், உயிரியல் ப்ரீப்ரின்ட்களைத் தபால்ல சுற்றுக்கு விட ஆரம்பிச்சது. 3,600 பேருக்கு மேல சேர்ந்தாங்க. அப்படிச் சுற்றுக்குப் போன கட்டுரைகளை ஏத்துக்க மாட்டோம்னு ஜர்னல்கள் கதவைச் சாத்தின. 1967இல் திட்டம் நின்னுபோச்சு. 1999இல் அதன் இயக்குநர் ஹரால்ட் வார்மஸ் திரும்பவும் முயன்றார். எதிர்ப்பு வந்தது. 2000இல் பப்மெட் சென்ட்ரல் தொடங்கினப்போ அதில் ப்ரீப்ரின்ட் பகுதியே இருக்கலை.

அந்தக் காலத்து இளம் உயிரியல் ஆய்வாளரா உங்களை நினைச்சுக்கோங்க. அடுத்த வேலை ஜர்னல் பெயரைப் பொறுத்துதான். பக்கத்து லேப்ல யாரும் ப்ரீப்ரின்ட் போட்டதில்லை. "போட்டா ஐடியாவைத் திருடிடுவாங்க, ஜர்னல்லயும் எடுக்க மாட்டாங்க"ன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்க முதல் ஆளா போடுவீங்களா? இயற்பியல்ல அந்த பயம் இல்லை. அங்கே போடலைன்னாதான் பின்தங்கிடுவோம்னு பயம்.

என்னைப் பொறுத்தவரை பாடம் இதுதான். இயற்பியல்ல பழக்கம் முதல்ல இருந்தது, மெஷின் பிறகு வந்தது. தைரியத்தை நாம தனிமனுஷ குணம்னு நினைக்கிறோம். பல நேரம் அது பக்கத்துல இருக்கிறவங்க கொடுக்கிறது.

அதனால உங்க டிபார்ட்மென்ட்டில் புதுசா ஒண்ணு வரணும்னா, இன்னொரு வொர்க்‌ஷாப் போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கவனிங்க. அந்த புரொஃபசர் யாரோட டீ குடிக்கிறார்? வெட்கப்படாம யார்கிட்ட சந்தேகம் கேட்பார்? அந்த ஆள்கிட்ட முதல்ல பேசுங்க.