ஒளிர்ந்தால் மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியரைக் கூப்பிட்டால் பாலம், மோட்டார் என்று பேசுவான் என நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது செல்லுக்குள் அனுப்பும் ஒளிரும் துகள்களைப் பற்றி.

தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். அந்தக் கிருமியைக் காட்டிக்கொடுக்க ஆராமின் என்றொரு மஞ்சள் சாயம் உண்டு. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சூடு காட்டி, பீனால் கலந்த ஆராமினை ஊற்றி, அமில ஆல்கஹாலால் கழுவி, நீல ஒளியில் பார்த்தால் இருட்டுப் பின்னணியில் கிருமிகள் மஞ்சளாக மின்னும். அருமையான முறைதான். ஆனால் இத்தனைக்கும் பிறகு கிருமி பிழைத்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. உயிருள்ள செல்லைப் பார்க்கவேண்டுமென்றால் அதுதானே முதல் கேள்வி!

கரிமச் சாயங்கள் பல, தண்ணீரில் கரையாது. நெருக்கிச் சேர்த்தால் மங்கிப்போகும். 2001-ல் ஹாங்காங்கில் பென் ஜாங் டாங் குழுவினர் நேர்மாறான மூலக்கூறுகளைக் கண்டார்கள். தனியே இருந்தால் மங்கல். கூட்டம் சேர்ந்தால் ஒளி. காலை நேர பீச் வண்டியில் கை காலை அசைக்க முடியுமா? அதே மாதிரி, அசைவில் வீணாகும் சக்தி அங்கே ஒளியாக வெளிவருகிறது.

இந்தச் சாயத்தையும், தண்ணீரை விரும்பும் வால் கொண்ட பாலிமரையும் டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, வேகமாகச் சுழலும் தண்ணீருக்குள் ஒரே மூச்சில் பீய்ச்சுவோம். சாயம் தண்ணீருக்குப் பயந்து உருண்டையாகும். பாலிமர் அதன்மேல் போர்வையாகும். அளவு சுமார் 100 நானோமீட்டர். தலைமுடிப் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. நிமிஷக் கணக்கில் முடியும் வேலை.

அதற்கப்புறம்தான் பாடு. கரைப்பான் மிச்சமிருந்தால் செல்லுக்கு அதுவே விஷம். சவ்வுப் பையில் கட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி அதை வெளியேற்றவேண்டும். சுத்தத் தண்ணீரில் சாதுவாக இருந்த துகள், உப்பும் சீரமும் கலந்த வளர்ப்புக் கரைசலில் கட்டிதட்டலாம். செல்லுக்கே கொஞ்சம் சொந்த ஒளிர்வு உண்டு. ஆகவே துகள் போடாத செல்லையும் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கவேண்டும். எம்.டி.டி. சோதனையில் உயிருள்ள செல் மஞ்சளை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல்லுக்குக் கேடு.

24 மணி நேரம் செல் சாகவில்லை என்பதற்காக, "உடலுக்கு ஒத்தது" என்று எழுதிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ரத்தத்தில் செலுத்தினால் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கும். எப்போது வெளியேறும்? அதையும் அளந்துதான் சொல்லவேண்டும்.

வேதியியல் தம்பி, தங்கைகளே, செல் வளர்க்கத் தெரிந்த விலங்கியல் நண்பர் ஒருவரை இப்போதே பிடித்துவையுங்கள். மற்ற சந்தேகங்களை டீ இடைவேளையில் கேளுங்கள். நான் மாலை வரை இங்கேதான் இருப்பேன்.