அரியர் என்னும் நிலுவை



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் பௌத்தம், பஞ்சமி நிலம், தலித் அழகியல் என்று பெரிய பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் தலைப்புக் கேட்டபோது 'அரியர்' என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அரியரா, ஏரியாவா தோழர்?" என்று கேட்டார் அரங்கத்தின் செயலாளர். "அரியர்தான், பெயிலான பேப்பர்" என்றேன். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஐயாவின் பெயரால் கூடியிருக்கும் கூட்டத்தில் இதைப் பேசாமல் வேறு எங்கே பேசுவது? அவருடைய கட்டுரைகளை வாசித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவரால் பேப்பர் கிளியர் செய்தவர்கள் அதைவிட அதிகம் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கல்லூரி முடிந்ததும் சைக்கிளில் ஆதிதிராவிடர் நல விடுதிக்கு வருவார். தட்டு கழுவிய ஈரம் காய்வதற்கு முன்பே சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பார். யாருடைய பெயரையும் ஊரையும் கேட்கமாட்டார். "எத்தனை பாக்கி?" என்பதுதான் முதல் கேள்வி. "மூணு சார்." "எந்த செமஸ்டர்?" "பர்ஸ்ட்ல ரெண்டு, செகண்ட்ல ஒண்ணு." "சரி, உட்காரு." அட்மிஷன் முடிந்தது.

நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். பி.எஸ்சி. இயற்பியல், துணைப்பாடம் கணிதம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தேன். வகைக்கெழு தெரியும், தொகையிடல் தெரியும். அதையே டிபரன்சியேஷன், இன்டெக்ரேஷன் என்று எழுதிப்போட்டபோது, இது நாம் படிக்காத வேறு ஏதோ கணக்கு என்று பல வாரங்கள் பயந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவனிடம் கேட்கவும் வெட்கம். இரண்டாம் பருவத் தேர்வில் துணைக்கணிதம் போயிற்று. ஐயாவிடம் உட்கார்ந்த பிறகு அதே தாளை மூன்றாம் பருவத்தில் எழுதி 78 வாங்கினேன். முதல் முறையிலேயே தேறிய என் வகுப்பில் பாதிப்பேருக்கு அந்த மதிப்பெண் கிடையாது.

பிறகு ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு நேர்காணல். மதிப்பெண் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். 78இல் நிற்கவில்லை. அதற்கு நேரே அச்சடித்திருந்த மாதத்தில் நின்றார். மற்ற தாள்களுக்கு ஏப்ரல் என்றிருக்க, இதற்கு மட்டும் நவம்பர் என்றிருந்தது. "ஏன் நவம்பர்?" என்று கேட்டார். இயற்பியலில் அதற்குமேல் ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அரியரின் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறவன் என்பதால் அவர்களுடைய கணக்கையே சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறையில் ஒரு தாளுக்கு அகமதிப்பீடு 20, பல்கலைக்கழகத் தேர்வு 80 என்றிருந்தது. இரண்டும் சேர்ந்து 50 வரவேண்டியிருந்தது. தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம், அதாவது 36 எடுக்கவேண்டியிருந்தது. அகமதிப்பீட்டில் 18 வாங்கியவன் 36 எடுத்தால் போதுமாக இருந்தது. 6 வாங்கியவன் 44 எடுக்கவேண்டியிருந்தது. ஒரே கேள்வித்தாள்தான், ஆனால் வாசற்படியின் உயரத்தில் எட்டு மதிப்பெண் வித்தியாசம்.

தோற்றவர் மறுபடி எழுதும்போது அந்த 6 மாறாது. தேர்வைத்தான் திரும்ப எழுதலாம், அகமதிப்பீட்டைத் திரும்ப வாங்க முடியாது. மூன்றாம் முயற்சியிலிருந்துதான் அகமதிப்பீட்டை விட்டுவிட்டு, தேர்வில் மட்டும் 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி என்று விதி இளகுகிறது. இரண்டு தடவை விழுந்த பிறகுதான் கைகொடுப்பார்கள்.

அந்த 6 எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுத் தாளில் திருத்துகிறவருக்கு மாணவரின் பெயர் தெரியாது. அகமதிப்பீட்டில் பெயர் தெரியும், முகம் தெரியும், எந்த விடுதி என்பதும் தெரியும். 2007இல் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு தில்லி எய்ம்ஸ் பற்றிக் கொடுத்த அறிக்கையில், செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களுக்கு நேர்ந்த பாகுபாட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. எல்லா ஆறும் சாதியால் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. வகுப்புக்கு வராமல் வாங்கிய ஆறும் உண்டு, நானே போட்டிருக்கிறேன். ஆனால் வராததற்குக் காரணம் கேட்டால் பெயின்ட் அடிக்கப் போனேன், கேட்டரிங் வேலைக்குப் போனேன் என்று பதில் வரும். அதை எழுத வருகைப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

இனி கிரேடுக்கு வருவோம். அந்த விதிமுறையில் தோற்ற தாளுக்கு ஆர்.ஏ. என்று போட்டார்கள். சராசரி போடும்போது அதைச் சேர்க்கமாட்டார்கள். தேறிய பிறகு, தேறிய கிரேடுதான் கணக்கில் ஏறும். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் பழைய கிரேடையும் புதியதையும் சேர்த்துச் சராசரி எடுக்கின்றன, வேறு சில பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கின்றன. அந்த வகையில் நம் விதி கொடுமையானதல்ல. ஒரு மாணவி 8 புள்ளி வாங்கியிருக்கக்கூடிய நான்கு கிரெடிட் தாளில் அரியர் வைத்து, பிறகு 6 புள்ளியில் தேறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு எட்டுப் புள்ளி. நான்கு ஆண்டுப் படிப்பு 180 கிரெடிட் என்றால், அவளுடைய மொத்த சி.ஜி.பி.ஏ.வில் குறைவது 0.04. தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யம், அப்புறம் நாலு. அவ்வளவுதான் சேதம்.

ஆனால் அவளுடைய சி.ஜி.பி.ஏ. 8.7 ஆகவே இருந்தாலும் 'டிஸ்டிங்ஷன்' கிடையாது. எல்லாத் தாளையும் முதல் முயற்சியில் தேறியவர்களுக்குத்தான் அது. வளாக நேர்காணல் அறிவிப்பில் 'நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்' என்றிருந்தால் அவள் தப்பித்தாள். சில நிறுவனங்கள் அதற்கும் ஒரு படி மேலே போய் 'நோ ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' என்று போடுகின்றன. இப்போது இருக்கக்கூடாது என்பது போதாது, எப்போதும் இருந்திருக்கவே கூடாது. எங்கள் கல்லூரி அரங்கில் ஒருமுறை அப்படி அறிவித்தபோது எழுந்து வெளியே போன பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலானவர்கள் முதலாமாண்டில் என்னிடம் தமிழில் சந்தேகம் கேட்டவர்கள். அவர்களுடைய அரியரும் அநேகமாக முதலாமாண்டு அரியர்தான். அதற்குப் பின் வந்த ஆறு பருவங்களையும் ஒரே மூச்சில் தேறியிருந்தார்கள்.

தேறிய பிறகும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கறை என்றால் என்னவென்று இந்த அரங்கத்தில் யாருக்கும் நான் விளக்கவேண்டியதில்லை.

முதல் முயற்சியைத் தகுதியின் அடையாளமாக வைத்துப் பேசுகிறவர்களிடம் ஒரு செய்தியைச் சொல்லிப் பாருங்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் அண்ணல் அம்பேத்கர் டி.எஸ்சி. பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு, ரூபாயின் பிரச்சினை பற்றியது, 1923 மார்ச்சில் ஏற்கப்படவில்லை. பணம் தீர்ந்து பம்பாய் திரும்பியவர், திருத்தி எழுதி ஆகஸ்டில் மறுபடி அனுப்பினார். நவம்பரில் ஏற்கப்பட்டது. அவருக்கும் ஒரு நவம்பர் உண்டு! அந்த ஆண்டே லண்டனில் நூலாக வந்தது, அவருடைய பேராசிரியர் எட்வின் கானன் முன்னுரை எழுதினார். அம்பேத்கர் பெயருக்குப் பின்னால் டி.எஸ்சி. என்று எழுதுகிறோம். இரண்டாம் முயற்சி என்று அடைப்புக்குறிக்குள் யாரும் எழுதுவதில்லை.

ஐயா ஏன் அரியரைப் பாக்கி என்றார் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். அரியர் என்ற சொல்லுக்கு நிலுவை என்றுதான் பொருள். வரிப் பாக்கி, வட்டிப் பாக்கி, குத்தகைப் பாக்கி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். அவர் பண்ணையாள் குடும்பத்துப் பிள்ளை. அப்பன் வாங்கிய நெல்லுக்கு மகன் உழைத்துத் தீர்க்கிற பாக்கியைப் பார்த்தவர். படிக்கப் போன இடத்திலும் நம் பிள்ளைகளின் கணக்கில் பாக்கி என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

நிலுவை என்று பேசத் தொடங்கினால் இரண்டு பக்கமும் பேசவேண்டும். 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 இங்குள்ள செயற்பாட்டாளர்களுக்கு மனப்பாடம். பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. அந்தப் பணமும் உதவித்தொகையும் பருவம் முடிந்த பின்னால் வருவது நமக்குப் புதிய செய்தியல்ல. நடுவில் கட்டணம் கட்டவில்லை என்று ஹால் டிக்கெட்டை நிறுத்திவைப்பார்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு புத்தகத்தை மூடிவிட்டு, யார் கையில் காசு இருக்கிறது என்று அலைந்த மாணவனை எனக்குத் தெரியும். அவன் மறுநாள் எழுதிய தேர்வு அரியர். அரசு வைத்த அரியரால் வந்த அரியர் அது. அவனுடையது பட்டியலில் அச்சாகிவிட்டது, மற்றது எங்கேயும் அச்சாகவில்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் நெறிமுறையிலும் வெகுகாலம் ஒரு விதி இருந்தது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் முதல் தடவை தோற்றால் தொகையைப் புதுப்பிக்கலாம். இரண்டாம் தடவை தோற்றால், அடுத்த வகுப்புக்கு ஏறும்வரை தன் செலவை மாணவரே பார்த்துக்கொள்ளவேண்டும். அதிகம் தேவைப்படும் நேரம் பார்த்துக் கையை எடுத்துக்கொள்கிற உதவி.

படிப்புக் காலம் முடிந்தால் விடுதியும் முடிந்தது. அரியர் மட்டும் முடியாது. அதனால் விடுதிகளில் 'கெஸ்ட்' என்று ஒரு இனம் உண்டு. வார்டன் வரும் நேரம் மொட்டைமாடிக்குப் போய்விடுவார்கள். ஒரு தட்டில் இரண்டு பேர் சாப்பிடுவார்கள். ஊருக்குத் திரும்பினால் செங்கல் சூளையோ திருப்பூரோ என்பதால், இரண்டு தாளுக்காக ஓராண்டு அப்படி ஒளிந்து வாழ்கிறவர்கள். சட்டவிரோதமாகத் தங்குகிறார்கள் என்று செய்தி போடுவார்கள். அவர்கள் அங்கே படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதமாட்டார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு அந்த மொட்டைமாடியும் கிடையாது. அரியரோடு வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். அடுத்த தேர்வு வரும்போது கைக்குழந்தையோடு வந்து, தாயை வாசலில் உட்காரவைத்துவிட்டு எழுதிய ஒரு மாணவிக்கு நான் தேர்வு அறைக் கண்காணிப்பாளராக இருந்தேன். நடுவில் ஒருமுறை வெளியே போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தார். தேறிவிட்டார். எத்தனையாவது முயற்சி என்று நான் கேட்கவில்லை.

பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு என்று அவ்வப்போது அறிவிப்பு வரும். 2021இல் அண்ணா பல்கலைக்கழகம் இருபது ஆண்டுப் பழைய அரியர்களையும் எழுதலாம் என்றது. நல்ல காரியம். தேர்வுக் கட்டணத்துக்கு மேல் 5000 ரூபாய் சிறப்புக் கட்டணம் என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

கொரோனா ஆண்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாணவர்கள் விடமாட்டீர்கள். 2020 ஆகஸ்டில், கட்டணம் செலுத்திய அரியர் மாணவர்கள் எழுதாமலே தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். சுவரொட்டி ஒட்டிக் கொண்டாடினார்கள், நாடே மீம்ஸ் போட்டுச் சிரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2021இல் தேர்வு நடத்தவேண்டும் என்றாயிற்று. கேலி செய்தவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அந்த அறிவிப்பை நான் ஆதரிக்கவில்லை. ஐயாவும் ஆதரிக்கவில்லை, அரங்கத்தில் சிலர் அவரோடு சண்டையே போட்டார்கள். "எழுதாமப் பாஸ் போட்டா, எழுதிப் பாஸானவனையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவான். அந்தச் சந்தேகம் முதல்ல யார் மேல விழும்னு உனக்குத் தெரியாதா?" என்றார். இலவசத் தேர்ச்சி அரசுக்கு மலிவு. விடுதிக்கு ஒரு கணக்கு ஆசிரியரைச் சம்பளம் கொடுத்துப் போடுவதற்குத்தான் செலவு ஆகும்.

நாம் கேட்கவேண்டியது எளிய விஷயங்கள்தான். தேறிய தாளுக்கு மதிப்பெண்ணை மட்டும் அச்சிடட்டும், முயற்சியையும் மாதத்தையும் பட்டியலில் காட்டவேண்டாம். அகமதிப்பீட்டை விட்டுவிடும் சலுகை மூன்றாம் முயற்சிவரை காத்திருக்காமல் இரண்டாவதிலேயே வரட்டும். 'ஹிஸ்டரி' கேட்கும் நிறுவனத்துக்கு அரசுக் கல்லூரி தன் அரங்கைத் திறந்துவிடக்கூடாது. அரியர் உள்ளவருக்கு விடுதியில் ஓராண்டு, சட்டப்படியே, தன் தட்டில் சோறு வேண்டும். இதில் எதற்கும் அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. விதிமுறைகளை வகுக்கிற கல்விக்குழுவில் நம் ஆள் ஒருவர் இருந்து, கூட்டத்துக்கும் ஒழுங்காகப் போனால் பாதி நடக்கும். இரண்டாவதுதான் கஷ்டம், அனுபவத்தில் சொல்கிறேன்.

அதுவரை ஐயாவின் வகுப்பு நடக்கும். அவர் போன பிறகு மூன்று மாதம் நின்றிருந்தது, இப்போது நான்கு பேர் முறைவைத்துப் போகிறோம். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் சொல்லித்தர ஆள் வேண்டும், வேலையில் இருக்கும் தோழர்கள் கொஞ்சம் யோசியுங்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்தத் தாள், எத்தனை பாக்கி என்று எழுதிவிட்டுப் போங்கள், பெயர் எழுதவேண்டாம். இன்னொன்று, இந்தப் பருவ முடிவு வந்ததும் விடைத்தாள் நகல் கேட்பதற்குச் சில நாட்கள்தான் அவகாசம் கொடுப்பார்கள். கட்டணத்துக்குப் பணம் இல்லாதவர்கள் கடைசி நாள்வரை காத்திருக்காமல் முதல் நாளே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.