எல்லார்க்கும் உரிய உயிர்நூல்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயிர்நூற் கல்வியைப் பற்றிப் பேசத் தமிழாசிரியன் ஒருவனுக்கு என்ன உரிமை என்று தங்களிற் சிலர் ஐயுறலாம். யான் அந்நூலில் வல்லுநன் அல்லேன். ஆயினும், வல்லுநர் அல்லாதாரும் அதனைக் கற்றல்வேண்டும் என்பதே யான் கூறப்புகுந்த பொருளாதலின், அதனைப் பேசுதற்கு என் போன்றாரும் தக்காரே எனத் துணிந்தேன். தொல்காப்பியனார் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்தோதியது மருத்துவர்க்கென எழுந்த நூலில் அன்று; தமிழ் கற்பார் யாவர்க்கும் உரிய இலக்கண நூலிலேயாம்.

அமெரிக்க நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு நியதி உண்டு. பட்ட வகுப்பு மாணவன் வரலாறு பயிலினும், வணிகம் பயிலினும், இசை பயிலினும், பொதுக் கல்வியின் பகுதியாகச் சில விஞ்ஞானப் பாடங்களையும் கற்றே ஆகவேண்டும். ஆதலின் ஆங்கு உயிர்நூல் வகுப்பு இருவகைப்படும். ஒன்று, அதனையே முதன்மைப் பாடமாகக் கொண்டார்க்கு உரியது. ஆய்வுக்கூடப் பயிற்சியோடும் இரசாயனத்தோடும் தொடங்கி, உயிரணு, மரபியல், சூழலியல் என மேன்மேலும் விரிந்து செல்வது. மற்றொன்று, பிற துறையார்க்கு உரியது. பெரும்பாலும் ஒரு பருவத்தோடு முடிவது.

இரண்டாவதனை முதலாவதன் சுருக்கம் எனக் கொள்வது பெரும்பிழையாம். முதல் வகுப்பினன் இன்று விட்டதை நாளை கற்பான். பிற துறையானுக்கோ அதுவே வாழ்நாளின் இறுதி உயிர்நூல் வகுப்பு. அவ்வரிய காலத்தை வாயில் நுழையாப் பெயர்களை நெட்டுருச் செய்வித்துக் கழித்தல் தகுமோ? 2011-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தார் வெளியிட்ட அறிக்கை, பட்ட வகுப்பினர் அனைவரும் உணரவேண்டிய உயிர்நூற் கருத்துக்கள் ஐந்து என வகுத்தது. அவை உயிர்களின் படிமலர்ச்சி, அமைப்பும் தொழிலும் இயைதல், மரபுச் செய்தி வழிவழிச் செல்லுதல், ஆற்றலும் பொருளும் உருமாறுதல், பகுதிகள் இணைந்து ஒரு முழுமையாய் இயங்குதல் என்பனவாம். பெயர்ப் பட்டியலினும் கருத்தே பெரிது என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டிலும் இதற்கு வாயில் இல்லாமல் இல்லை. 1991-இல் உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழற் கல்வியைக் கட்டாயமாக்கப் பணித்தது. பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழு பட்ட வகுப்பினர் எல்லார்க்கும் பொதுவான பாடத்திட்டம் வகுத்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் பிறதுறை விருப்பப் பாடம் என்பதொன்றும் உண்டு. ஆனால் நம் பிள்ளைகள் அதனைத் தேர்வது எவ்வாறு? எதில் எளிதாக மதிப்பெண் வரும் என்று வினவியே தேர்கின்றனர். பெற்றோரும், ‘வணிகம் படிப்பவனுக்குச் செடி கொடி எதற்கு?’ என்கின்றனர்.

எதற்கு என்பதை நம் இல்லத்திலிருந்தே காட்டுவேன். அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று உறவிற் கொண்டு கொடுத்தல் நம்மிடை நெடுநாள் வழக்கம். 2019–21 ஆண்டுகளில் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்டிருள் நால்வரில் ஒருவர்க்கு மேற்பட்டோர் உறவில் மணந்தவரே.

ஒரு பாட்டனாரிடம் பழுதுற்ற மரபணு ஒன்று மறைந்திருப்பதாகக் கொள்வோம். அவர்க்கு அதனால் நோய் இல்லை. இணையான மற்றொன்று நன்றாய் இருந்து காக்கின்றது. அப்பழுது அவர் மக்களுள் ஒருவர்க்குச் செல்லும் வாய்ப்பு 2-இல் 1. பேரப்பிள்ளை ஒருவர்க்கு 4-இல் 1. மகன் வயிற்றுப் பேரனும் மகள் வயிற்றுப் பேத்தியும் மணப்பின், இருவரிடமும் அஃது இருக்கும் வாய்ப்பு 16-இல் 1. பிறக்கும் மகவு இருபாலும் பழுதே பெற்று நோயுறும் வாய்ப்பு 64-இல் 1. தாய்மாமன் அக்காள் மகளை மணப்பின் அது 32-இல் 1 ஆகின்றது. பழுது அரியதாயின், உறவல்லாரை மணப்பார்க்கு இவ்வாய்ப்பு மிகச் சிறிது. இரத்த அழிவுச் சோகையாகிய தலசீமியா இவ்வாறு வருவதே. அதன் கடிய வகையுற்ற குழந்தைக்கு இடையறாது பிறர் இரத்தம் ஏற்றவேண்டும்.

உறவு மணத்திற் பிறந்தார் யாவரும் நோயுறுவர் என்று யான் கூறவில்லை. பெரும்பாலோர் நலமே பிறக்கின்றனர். அன்றியும், உறவை விலக்கினும் ஒரே வட்டத்துள் பல தலைமுறை கொண்டு கொடுக்கும் எந்த மரபினர்க்கும் இவ்விடர் ஓரளவு உண்டு. இதனை நம் சங்கத்திலே கூறுதல் சிலர்க்குக் கசக்கலாம். கசப்பினும் மெய்யை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று.

எண்ணிப் பாருங்கள். பெண் பார்த்து மணம் முடிக்கும் நாளில் மருத்துவர் நம் கூடத்தில் இருப்பதில்லை. நோயுற்ற மகவைத் தூக்கிச் செல்லும் நாளிலேதான் அவரைக் காண்கின்றோம். முடிவு செய்பவர் கடை நடத்தும் தந்தையார், கணக்கெழுதும் சிற்றப்பா, பட்டம் பெற்ற மணமகன், மணமகள் ஆகியோரே. உயிர்நூல் அறியவேண்டியவர் இவரல்லரோ?

ஆதலின், பெற்றோர்களே! வணிகமோ வரலாறோ பயிலும் நும் மக்களை, கல்லூரியில் வாய்ப்பிருப்பின், ஓர் உயிர்நூற் பாடமேனும் தேரச் சொல்லுங்கள். மாணவர்களே! அதனை மதிப்பெண்ணுக்கன்றி வாழ்வுக்கெனப் பயிலுங்கள். சங்கத்தாரை யான் வேண்டுவது ஒன்றே. திருமணம் பேசுங்கால் சாதகம் பார்ப்பதோடு இருவர் இரத்தத்தையும் சோதித்து, ஐயம் உளதேல் மருத்துவரை வினவும் வழக்கத்தை நம் குடும்பங்களில் தொடங்கி வைப்பீராக.