பள்ளி மணி அடிப்பதற்கு முன்

ராத்திரி ஒரு வீட்டில் அடிதடி. போலீஸ் வருகிறது, யார் அடித்தது, எங்கே காயம் என்று எழுதிக்கொள்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த எட்டு வயதுப் பையன் அந்த அறிக்கையில் எங்கே இருக்கிறான்?

இங்கிலாந்தில் எலிசபெத் கார்னி ஹாவொர்த் தலைமையாசிரியையாக இருந்தார். கணவர் டேவிட் போலீஸ்காரராக இருந்தார். இரண்டு உத்தியோகமும் ஒரே வீட்டில் இருந்ததாலோ என்னவோ, இந்த ஓட்டை அவர்கள் கண்ணில் பட்டது. 2011-இல் பிளிமத் நகரில் ‘ஆபரேஷன் என்கம்பஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வீட்டில் குழந்தை இருந்தால் போலீஸ் அதைக் குறித்துக்கொண்டு, மறுநாள் பள்ளி தொடங்குவதற்குள் அங்கே இதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு வீட்டுப்பாடம் எங்கே என்று பையனை யாரும் அதட்ட மாட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். சாயங்காலம் கூட்டிப்போக யார் வருகிறார்கள் என்றும் ஒரு கண் வைப்பார்கள்.

பிறகு அந்நாட்டின் 2021 குடும்ப வன்முறைச் சட்டமும், அடியைப் பார்த்த, கேட்ட குழந்தையும் பாதிக்கப்பட்டவரே என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் பதினைந்து வயது மகன் தாயை அடித்தால் இதன் வரையறைக்குள் வராது. இரு தரப்புக்கும் பதினாறு நிரம்பியிருக்க வேண்டும். அந்தத் தாயின் புகாரை வேறு தலைப்பில்தான் பதிய வேண்டியிருக்கிறது.